வெறும் தொட்டில ஆட்டாதீங்க

வினுஷா அப்பாவுக்கு,

வேன் வந்திருச்சு. நீங்க தேயிலை பெக்டரியில இருந்து வர்றதுக்குள்ள நாங்க கினிகத்தேனை தாண்டிருவோம். சோறும் கருவாட்டுக் கறியும் மூடி வச்சிருக்கேன். நாளைக்கு வேலைக்குப் போகயில சாவிய மீனம்மா அக்காகிட்ட குடுங்க, கோழிக்குத் தீனி போடுவாங்க.

"சென்னை வரைக்கும் புள்ளயக் கொண்டு போயி ஆப்பரேஷன்னு நெஞ்சக் கிழிக்க வேணாம், இருக்கிற வரைக்கும் நம்மகிட்டயே இருக்கட்டும்"னு நேத்து சொன்னீங்க. பெத்த அப்பனா நீன்னு நான் கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. எனக்கும் பயந்தான்.

பிளேன் ஏறயிலயும் எறங்கயிலயும் காது அடைக்காம இருக்க, புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். நாலு வாய் குடிச்சதுமே இவளுக்கு மூச்சு வாங்குதே. தனியா என்ன செய்யப் போறேனோ. எறங்கினதும் பேசுறேன், போன எடுங்க.

இன்னொன்னு. தேத்தண்ணி குடிக்கயில பழக்கத்துல தொட்டில ஆட்டுவீங்க. வெறும் தொட்டில் ஆடுனா புள்ளைக்கு ஆகாது. அதான் அம்மிக் குழவிய துணியில சுத்தி உள்ள போட்டிருக்கேன். நாங்க வர்ற வரைக்கும் எடுத்துறாதீங்க.

தூக்கிப் போடயில பாத்தேன். நம்ம புள்ளய விட அது பாரமா இருக்கு.