ஏசி சண்டையும் ரெண்டு டிக்கெட்டும்

சிக்கனச் செம்மலே,

நல்லாத் தூங்கறீங்க, எழுப்பல. குழம்பு அடுப்பு மேல இருக்கு. இந்த ஊர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள கெட்டுடும், சாப்பிட்டதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க. வச்சதும் கதவைச் சாத்துங்க. ஏசியை அணைச்சிட்டு ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு காத்து வாங்கறதுக்குப் பேரு சிக்கனம் இல்லைங்க.

நேத்து கரண்ட் பில்லைப் பார்த்துட்டு, "நீயும் பாப்பாவும் ஊருக்குப் போயிடுங்க, நான் இங்க தனியா சமாளிச்சுக்கறேன்"னு சொன்னீங்களே, எனக்கு அப்படி ஒரு கோபம். வெந்நீர் வச்சாலே பாத்திரத்தைக் கருக்கற ஆளு, தனியா சமாளிப்பாராம்! அப்புறம் மத்தியானம் எட்டிப் பார்த்தா, உங்களுக்கு வேர்த்து ஊத்துது, நீங்க பாப்பாவுக்கு அட்டையால விசிறிக்கிட்டு இருக்கீங்க. பாதி கோபம் போயிடுச்சு. மீதியை வச்சிருக்கேன், தேவைப்படும்.

டிக்கெட் ஏஜென்ட் போன் பண்ணினார். எனக்கும் பாப்பாவுக்கும் நீங்க சொல்லி வச்ச ரெண்டு டிக்கெட்டும் வேண்டாம், நாங்க எங்கயும் போகலைன்னு சொல்லிட்டேன்.

தெருமுனை மருந்துக்கடையில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்கு முதல் நாள். நேத்தே சொல்லணும்னுதான் இருந்தேன், நீங்க எங்கே பேச விட்டீங்க? பாப்பா எழுந்ததும் ஏசியைப் போடுங்க. இனிமே அந்த பில் என் பொறுப்பு.

பி.கு.: இன்னைக்கும் உங்களுக்கு லீவு, பாப்பா உங்க பாடு. நாளையிலேருந்து பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கறாங்களாம்.

இன்னொண்ணு: இந்த ஊர் பாஷை இன்னும் என் நாக்குல புரளல, கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. சாயந்திரம் பாப்பாவோட கடை வாசலுக்கு வாங்க. வெயில் இருந்தா குடை ஒண்ணு போதும், மூணு பேரும் ஒட்டிக்கிட்டே வந்துடலாம்.