செல்வத்திடம் எப்படிப் பேசுவது

செம்பூர்,
மும்பை, 14.10.2024

அன்பும் மரியாதையும் கலந்து அத்தைக்கு,

நிச்சயம் முடிந்து பதினோரு நாளாகிறது. அன்று கூட்டத்தில் உங்களோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. போனில் கூப்பிட்டால் "நல்லாருக்கேன், வச்சிரட்டா?" என்று முடித்துவிடுகிறீர்கள். உங்கள் தாராவியில் கடை வைத்து பிளவுஸ் தைக்கும் அம்மிணி அக்காவோ, "ஒன் மாமியா எழுத்தப் பாக்கணுமே, முத்து முத்தா எழுதுவாவ" என்கிறார். சனிக்கிழமைதோறும் அவர் செம்பூர் வருவதால் இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஒரு உதவி வேண்டும். ஐரோலியில் எங்கள் ஆபீசில் போன வாரம் ஒரு டிரெயினிங். மனிதர்களை நாலு வகையாகப் பிரித்தார்கள். சட்டென்று முடிவெடுப்பவர், ஓயாமல் பேசுபவர், விட்டுக்கொடுப்பவர், எண்ணி எண்ணிச் செய்பவர். எதிரில் இருப்பவர் எந்த வகை என்று தெரிந்து பேசினால் பாதிச் சண்டை குறையுமாம். நான் ஓயாமல் பேசும் வகை. அதற்கு டெஸ்ட்டே வேண்டாம், எங்கள் அம்மா சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் கத்துவோம், பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உங்கள் மகன்தான் எந்த வகை என்று பிடிபடவில்லை. பத்து கேட்டால் ஒன்றுக்குப் பதில் வருகிறது. தையில் கல்யாணம். அதற்குள் எனக்கு அவரைச் சொல்லிக் கொடுங்களேன்.

உங்கள் வருங்கால மருமகள்,
பிரபாவதி


தாராவி,
19.10.2024

அன்பு மருமகள் பிரபாவுக்கு அத்தை எழுதுவது,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கென்று ஒரு கடிதம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. போனில் நான் பேசாததைத் தப்பாக நினைக்காதே. கடையிலிருந்து வந்ததும் செல்வம் என் போனை வாங்கிப் பார்ப்பான், யாரோடு எத்தனை நிமிஷம் என்று கேட்பான். அக்கறைதான், வேறொன்றுமில்லை.

அவன் அப்பா போனபிறகு பிளாஸ்டிக் சாமான் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறான். அலுப்பு இருக்கத்தானே செய்யும்? வாசலில் அவன் செருப்பைக் கழற்றுவதை முதலில் பார். இரண்டும் சேர்ந்திருந்தால் பேசலாம். ஒன்று கவிழ்ந்து கிடந்தால் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாய் திறக்க வேண்டாம். "ஏன்" என்று ஆரம்பிக்கும் கேள்வி அவனுக்கு ஆகாது. "ஏன் லேட்டு" என்பதற்குப் பதிலாக "தோசை ஊத்தட்டா" என்று கேள், காரணத்தை அவனே சொல்லுவான். அவன் இருக்கும்போது போனில் சிரித்துப் பேசாதே, தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வான். குழம்பில் உப்பு குறைந்திருந்தால் அவன் தட்டைத் தள்ளுவதற்கு முன்பே நீ சொல்லிவிடு. இவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்து நடந்துகொண்டால் தங்கமான பிள்ளை.

உன் ஆபீசில் நாலு வகைதானா? ஒரே ஆளிடம் எனக்கு நாற்பது தெரியும்! சீக்கிரம் வா. இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை.

அன்புடன்,
அத்தை


செம்பூர்,
11.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். நேற்று மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் அவரைச் சந்தித்தேன். முக்கால் மணி நேரம் லேட்டாக வந்தார். "ஏன்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு "காபி சொல்லட்டுமா" என்றேன். முகம் தெளிந்தது. நான் பாஸாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

அப்போது ஆபீஸிலிருந்து வெங்கடேஷ் கூப்பிட்டான். எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். "யாரு?" என்றார். சொன்னேன். "கல்யாணத்துக்கப்பறம் இந்த நம்பரெல்லாம் வேண்டாம், என்ன?" என்று சிரித்தபடியே மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் "சரி" என்று சொல்லும்வரை விடவில்லை. நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன் அத்தை.

டிரெயினில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அவ்வளவு நேரமும் அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

டிரெயினிங்கில் சொன்னது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று. உங்கள் கடிதத்தில் நாம் அவரைத் தெரிந்துகொள்வது மட்டும்தான் இருக்கிறது. உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உங்களுக்கு எது பிடிக்கும், எப்போது உடம்புக்கு முடியாமல் போகும் என்று தெரியுமா? அத்தை, நீங்கள் எந்த வகை?

பிரபா


தாராவி,
16.11.2024

பிரபாவுக்கு,

சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே. கட்டிக்கொள்ளப் போகிறவன் கையைப் பிடித்தால் அது ஒரு குற்றமா? பிளவுஸ் கை அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் அம்மிணியிடம் சொல்லிவிடு. என் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு.

அத்தை


தாராவி,
25.11.2024

பிரபா,

நீ பதில் எழுதவில்லை. நான் எழுதியதற்கு எப்படி எழுதுவாய்?

நீ கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது. செல்வத்துக்குச் சேமியா ஆகாது. எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை.

கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதமே அவர் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். படித்தால் அடி குறைந்தது. அவர் இறந்த அன்று அழுதேன், உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்றும் இருந்தது. வருஷம் திரும்பவில்லை, செல்வம் அவருடைய குரலிலேயே பேச ஆரம்பித்துவிட்டான். நிச்சயத்தன்று என் விரல் கட்டைப் பார்த்துக் கேட்டாயே, கதவில் நசுங்கியது என்றேன். பொய் இல்லை. கதவைச் சாத்தியது யார் என்று சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. வீட்டில் இரண்டு பேராகிவிட்டால் அவன் கோபம் எனக்குப் பாதியாகிவிடும் என்று நினைத்தேன். உன்னைச் சீக்கிரம் வா என்று கூப்பிட்டது அதற்குத்தான். சொல்லிக் கொடுத்ததும் எனக்குப் பதில் நீ நிற்க வேண்டும் என்றுதான். வெட்கமாக இருக்கிறது மகளே.

வராதே. கல்யாணத்தை நிறுத்து. நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அத்தை


செம்பூர்,
3.12.2024

என் அத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிட்டோம். என் முடிவு என்று மட்டும் போனில் சொன்னேன். அவர் "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நான் தப்பித்துவிட்டேன், நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். சனிக்கிழமைவரை காத்திருக்க மனமில்லை, இதைப் படம் பிடித்து அம்மிணி அக்கா போனுக்கு அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை அவர் சரக்கெடுக்கத் தாணேக்குப் போவாராமே? பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு நானும் அப்பாவும் டாக்ஸியோடு அம்மிணி அக்கா கடை வாசலில் நிற்போம். ஆதார் கார்டும் மாத்திரையும் இரண்டு சேலையும் போதும். எங்கள் வீடு சின்னது, சத்தம் அதிகம். ஆனால் இங்கே யார் முகத்தையும் பார்த்து யாரும் நடக்க வேண்டாம். வருவீர்களா?

மருமகளாக வராவிட்டாலும் உங்கள்,
பிரபா


அம்மிணி கடை,
7.12.2024, சனி காலை

பிரபா,

தையல் மெஷின் மேல் வைத்து எழுதுகிறேன். ஆறு நாளாக அவன் ஒரு சத்தம் போடவில்லை. "அவளுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். தெரியாது என்றேன். "சரி, விடு" என்றான். அன்றிலிருந்து அன்பாக இருக்கிறான். ஜிலேபி வாங்கி வந்தான். "கால் வலிக்கா? நீ ஒக்காரும்மா" என்று அவனே தோசை ஊற்றினான்.

நேற்று கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். "பழசாயிட்டு, புதுசு மாட்டணும்" என்றான். புதியது வாங்கி வரவில்லை. இன்று கடைக்குக் கிளம்பும்போது, "செவ்வாக்கெழம நான் தாணேக்குப் போகல. நாம ரெண்டு பேரும் வீட்லயே இருப்போம்" என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

நீ செய்ததுபோலவே அம்மிணியும் இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். பேசினால் "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். எழுதிவிட்டால் மாற்ற முடியாதே. மாத்திரை, சேலை எதுவும் எடுக்கவில்லை. கடைக்குள் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரப் போகிறேன். ஒரு மணிக்கு அவன் சாப்பிட வீட்டுக்கு வருவான். இப்போது பதினொன்றரை.

எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. இந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை வேண்டாம். இப்போதே வா.

சண்முகவடிவு