உன் கல்குவியலுக்கு நாயின் பெயர்

என் ஆசை மச்சான் வீரய்யாவுக்கு,

உன் தங்கை மீனாட்சியும் நானும் ஓப்பநாயக்கத் தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறோம். இரத்தினபுரியிலிருந்து இப்போது மோட்டார் பஸ் ஓடுகிறது. ஓடி என்ன, நமக்கு அதே ஒழுகுகிற லயத்து அறைதான்.

ஒன்று சொல்ல வேண்டும். மலைக்காட்டை அளந்தாரே சர்வே துரை, அவர் போட்ட நிலப்படம் அச்சாகி வந்துவிட்டது. தோட்டத்துப் பங்களாச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அளவுப் பெட்டியை உச்சிக்குத் தூக்கியது நீயும் நானும். மழையில் பெட்டிக்குக் கூடாரம், துரையின் நாய் டிக்கிக்கும் கூடாரம், நமக்கு மரத்தடி. குளிர்காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். வேலை நின்றுவிடும் என்று உன்னைக் கீழே கொண்டுபோக விடவில்லை. அங்கேயே புதைத்தோம். காட்டுப்பன்றி தோண்டாதிருக்கக் கல் அடுக்கினேன். மீனாட்சி வந்தால் இடம் தெரியட்டும் என்று உன் வெள்ளைத் தலைத்துண்டைக் கம்பில் கட்டி நட்டேன்.

அதுவே வினையாகிவிட்டது மச்சான். எதிர்மலையிலிருந்து பார்த்த துரைக்குத் துணி பளிச்சென்று தெரிந்ததாம். அளவுக்கொடி நட வேறு இடம் வேண்டாம் என்றார்.

"உள்ள ஆள வச்சிருக்குங்க தொர" என்றேன்.

"கல்லு நல்ல உசரம்" என்றார்.

இன்னும் கல் ஏற்றி, நடுவில் இரும்புக் கம்பத்தை இறக்கினார்கள். உன் நெஞ்சுக்கு நேராக. தூ! மனுஷனா அவன்?

படத்தில் அந்த இடத்தில் ஒரு முக்கோணம், பக்கத்தில் இங்கிலீசில் ஒரு பெயர். உன் பெயரோ என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"டிக்கி மலைனு போட்டிருக்குப்பா. தொரை வளத்த நாயி" என்று சிரித்தார்.

விளக்கேற்றப் போகலாமா என்றதற்கு, "சர்க்கார் கம்பம். தொட்டா ஜெயிலு" என்றார்.

பங்களாவிலிருந்து ஆபீசுக்கு, ஆபீசிலிருந்து லயத்துக்கு என்று அந்தப் பெயர் இறங்கிவிட்டது. நேற்று கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த மீனாட்சி, "டிக்கி மலையில மழ கட்டிருச்சுங்க" என்றாள். சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். "ஐயோ, எங்க அண்ணனப் போயி..." என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். யாரைக் காறித் துப்புவது, நீயே சொல்?

வரும் வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கடப்பாரையோடு ஏறுகிறோம் மச்சான். கம்பத்தைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிவேன். ஜெயில் என்றால் ஜெயில். படம் கோணிப்போனால் போகட்டும். உன் நெஞ்சிலிருந்து அந்த இரும்பை எடுத்த பிறகுதான் மீனாட்சி விளக்கேற்றுவாள்.

உன் தங்கையைக் கட்டியவன்,
மச்சான் கருப்பையா