அடுப்படியிலிருந்து வந்த ஆமென்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. உப்புப் பாத்தி முழுக்கத் தண்ணீர், வேலை இல்லை. வீட்டிலேயே கிடக்கிறேன்.

உன் அம்மாவை அடக்கம் செய்தபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நீ மட்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "அது எகிப்து சாமி பேருப்பா, நான் சொல்ல மாட்டேன்" என்றாய். வார்த்தை முற்றி, அன்றே பஸ் ஏறிவிட்டாய்.

நம் சர்ச் உபதேசியாரைக் கேட்டேன். "அதெல்லாம் கதைங்க. எபிரேயச் சொல்லு அது. அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்" என்றார். இருக்கட்டும். அவரும் படித்தவர், நீயும் படித்தவள். இந்த வழக்கை என்னால் தீர்க்க முடியாது.

நம் வீட்டில் ஜெபம் சொல்கிறவர் ஆமென் சொல்வதில்லை, கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும். நான் முடித்ததும் அடுப்படியிலிருந்து அம்மா சொல்வாள். இப்போதும் முடித்துவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன், எடு. நான் ஜெபம் சொல்கிறேன். உனக்குப் பிடிக்காத அந்தச் சொல் வேண்டாம். நான் நிறுத்தியதும் "ம்" என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
அப்பா