வேடியப்பனின் நான்காவது வரி

ஜூன் 8, ஞாயிறு
காலையிலேயே வெயில். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டர் புண்ணியத்தில் கடத்தூரைத் தெருத்தெருவாகச் சுற்றுகிறேன். ரேஷன் கடைக்குப் பின்னால், புளியமரத்தடியில் ஒரு நடுகல். வில்லோடு வீரன், பக்கத்தில் நாய். காலடியில் பழைய எழுத்து, மூன்று வரி. நான்காவது வரியின் தலை மட்டும் தெரிகிறது, மற்றது மண்ணுக்குள். கல்மேல் யாரோ ஜட்டி காயப் போட்டிருக்கிறார்கள். தூ.

எழுத்து தெரியக் கோலமாவு தடவி, போட்டோ எடுத்து நஸ்ரினுக்கு அனுப்பினேன். என்னோடு படித்தவள், கல்வெட்டு வாசிப்பாள்.

ஜூன் 9
நஸ்ரின் போன். "மாடு மீட்கப் போயி செத்தவன்டி. பேரு கடைசி வரியிலதான் இருக்கும். மண்ண எடுத்துட்டு அனுப்பு."
இத்தனை காலம் பேரில்லாமல் நின்றிருக்கிறான், பாவம். ஞாயிறுவரை எனக்கு லீவு இல்லை.
வாங்க: பிரஷ், மாத்திரை, பூண்டு.

ஜூன் 12
கல்லுக்குக் குங்குமம்! என் கோலமாவைத் திருநீறு என்று நினைத்துவிட்டார்கள். போன வாரம் ஜட்டி, இந்த வாரம் சாமி. கோயில் கட்டக் கமிட்டி வேறு; என் கணவரின் அண்ணன்தான் தலைவர்.
"நம்ம வேட்டைச்சாமி வேடியப்பன் தானா வெளிப்பட்டிருக்காரும்மா. டைல்ஸ் ஒட்டி ஜோரா பண்ணிரலாம்."
"எழுத்த மறைச்சிராதீங்க மாமா."
"சாமிக்கு எதுக்கும்மா எழுத்து?"
வீட்டில் இவர், "அண்ணங்கிட்ட வம்பு வேணாம்." எப்போதும் இதே பாட்டு.

ஜூன் 15, ஞாயிறு
தூறல். பிரஷோடு விடியற்காலையில் போனேன். அதற்குள் கமிட்டி நல்ல நேரம் பார்த்துக் கூடி, மேஸ்திரி காலடி முழுக்கச் சிமெண்ட் அப்பிவிட்டார். மண்ணையும் தோண்டியிருக்கிறார்கள். நான்காவது வரி வெளியே வந்து, யாரும் பார்க்காமலே மூடிப்போயிருக்கிறது.

மாமா சிரித்துக்கொண்டே செம்பை நீட்டினார். "நீதானம்மா மொதல்ல திருநீறு பூசுன. சாமி தலையில மொத தண்ணிய நீயே ஊத்து."
செம்பு போதாது, குடம் கொடுங்கள் என்றேன். ஊற்றினேன். குனிந்து காலடியைத் தேய்த்தேன். ஈரச் சிமெண்ட் கரைந்து ஓடியது.
"என்னா பக்தி பாரு," என்றாள் பின்னால் ஒருத்தி.
இன்னொரு குடம். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது.
"ஐயோ, சிமெண்ட்டு போவுது! புடிங்கம்மா அவள!" மாமாவின் குரல்.
நான்காவதில் விரல் பட்டது. இரண்டு எழுத்து தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.