பரீதா பார்க்காத முடிவு

சனிக்கிழமை, இரவு.

இன்று என் சிநேகிதி பரீதா கிண்ணியாவிலிருந்து படகில் படம் பார்க்க வந்தாள். அண்ணா வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்திருந்தான். நானும் பரீதாவும் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, வரிகளைக் கொப்பியில் எழுதினோம். அதனால் படம் முடிய முன்னமே கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. அவளுடைய வாப்பா படலையில் வந்து நின்றார்.

“முடிவ எனக்குச் சொல்லிராதடி. வாற கிழமை வந்து பாக்கிறன்” என்றாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகுத்துறை இறக்கத்தில் ஓடினாள்.

வீட்டில் எல்லோரும் மிச்சத்தைப் பார்த்தார்கள். அவள் இல்லாமல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. குசினிக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அப்படியும் வெடிச்சத்தம் கேட்டது. துறைப் பக்கமிருந்துதான். அண்ணா ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினான். முடிவை யாருமே பார்க்கவில்லை.

“பரீதாவும் வாப்பாவும் போய்ச் சேர்ந்திருப்பினமோ அம்மா?”

“ஓம் பிள்ளை, சேர்ந்திருப்பினம்” என்றா அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

கசற்றை நாளைக் காலை கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஏலாது என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். கடைக்காரர் கத்தினால் கத்தட்டும். கசற் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

வாற கிழமை வருவேன் என்றுதானே சொன்னாள்.