செருப்புத்தோல் பாவ்லாவும் பன்னிரண்டு வயதுக் கலைமானும்

அன்பு மகன் தாமியனுக்கு அம்மா எழுதுவது. நான் இன்னும் சாகவில்லை, கோழிகள் ஐந்தில் நான்கு சாகவில்லை, ஐந்தாவதை நரி கொண்டுபோய்விட்டது, மற்றபடி இங்கே எல்லாம் சுகம். நீயும் லிண்டாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன், அவள் காதில் விழுகிறதா என்று நீதான் எழுத வேண்டும். உன் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடு, உன் அப்பா மறந்து மறந்துதான் போய்ச் சேர்ந்தார். மார்ட்டின் திருநாள் போன வாரம் முடிந்தது, இந்த வருடம் புது ஒயின் வினிகர் மாதிரி இருக்கிறது, பாதிரியார் அதையும் மந்திரித்துவிட்டு மூன்று டம்ளர் குடித்தார், கடவுள் பாவம், எதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கிறது.

லிண்டாவின் பிறந்தநாளுக்குக் கடையில் மான்கறி வாங்கி மாட்டுக்கறி மாதிரி வாட்டியதாகவும், மெல்ல முடியாமல் நாய்க்குப் போட்டதாகவும், நாய் அதை சோபாவுக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்துவைத்ததாகவும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு மறுபடியும் படித்தேன். என் வயிற்றில் பிறந்தவன் வீட்டிலும் அதே கதையா என்று. உனக்கு அப்போது ஏழு வயது, பாதிதான் தெரிந்திருக்கும், அதனால் முழுதாக எழுதுகிறேன், ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதும் போகப் போகத் தெரியும்.

எழுபத்து நான்காம் வருடம் நவம்பர் மூன்று, புனித ஹூபெர்ட் திருநாள். மானின் கொம்புக்கு நடுவில் சிலுவையைப் பார்த்துவிட்டு வேட்டையையே விட்ட மனிதர் அவர், அவர் பெயரைச் சொல்லித்தான் நம் ஆட்கள் வருடா வருடம் மான் சுட்டுத் தின்கிறார்கள், வெட்கமே கிடையாது. அந்த வருடம் வேட்டைச் சங்கத்து விருந்தைச் சமைக்கும் முறை எனக்கு வந்தது. சங்கத் தலைவன் லூத்விக், காட்டுக்காவலன், நாற்பது வயது, மீசையை முறுக்கிக்கொண்டு வந்து, பாவ்லா, ரெண்டு வயசு இளமான் தொடை, பால் மணம் கூடப் போகல, சட்டியில காட்டி எடுத்தா போதும் என்று சொல்லித் தொடையைக் கையில் கொடுத்தான். இளமான் என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள், இரும்புச் சட்டி காய்ந்ததும் இந்தப் பக்கம் மூன்று நிமிடம் அந்தப் பக்கம் மூன்று நிமிடம். நானும் அப்படியே செய்தேன். சட்டியில் போட்டதும் குப்பென்று கிடா நாற்றம் அடித்தது, இணைசேரும் காலத்தில் காடு முழுக்கக் கத்தித் திரிந்த கிழட்டுக் கலைமானுக்குத்தான் அந்த நாற்றம். ஆனால் அதற்குள் நாற்பத்திரண்டு பேர் கத்தியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறினேன். யாருக்கும் வெட்ட வரவில்லை. லூத்விக் எழுந்து நின்று தட்டைத் தூக்கிக் காட்டி, பாவ்லா, கறி பிரமாதம், இத என் பூட்ஸுக்கு அடியில அடிக்கணும், ஆணி இருக்கா என்று கேட்டான். நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள் என்று இப்போதும் சொல்வேன். அதில் இருபத்தொன்பது பேர் செத்தாயிற்று, எல்லார் சாவுக்கும் போனேன், ஒருத்தனுக்கும் அழவில்லை.

இது கிழட்டு மான்டா என்று அப்போதே கத்தினேன். மானின் வயதுக்குச் சாட்சி அதன் கீழ்த்தாடைதான், பல் தேய்ந்திருந்தால் கிழடு, சுட்ட ஒவ்வொரு மானின் தாடையையும் சங்கத்தில் கட்டி வைப்பார்கள். லூத்விக் உள்ளே போய் ஒரு தாடையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அரிசி மாதிரி இளம் பல். உன் அப்பாவாவது பேசியிருக்கலாம், மென்றுகொண்டே, கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான் என்றார், ஈஸ்டர் வரைக்கும் அவருக்குத் தனிக் கட்டில். அன்றிலிருந்து நான் செருப்புத்தோல் பாவ்லா. தபால்காரன் அப்படித்தான் விசாரிப்பான், கடையில் மாவு வாங்கப் போனால் ரொட்டிக்கா பூட்ஸுக்கா என்பார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னைச் செருப்புத்தோல் மகன் என்று சொன்ன பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்தாயே, உன்னைத் திட்டினேன், ஆனால் அன்றைக்கு உனக்கு ஏன் இரண்டு கேக் கிடைத்தது என்று யோசித்ததே இல்லையா?

இப்போது இந்த இலையுதிர் காலத்துக்கு வா. லூத்விக்குக்கு எண்பத்து மூன்று. செப்டம்பர் தொடக்கத்தில் காட்டோரப் பரணில் உட்கார்ந்து ஒரு பெரிய கலைமானைச் சுட்டான், இதுதான் கடைசி என்று துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டான். பின்தொடையைச் சங்கத்திலிருந்து வாங்கி வந்தான். ஆனால் வாயில் ஒரு பல் கூட இல்லை, கட்டிய பல் செட்டு ஈறைப் புண்ணாக்குகிறது. அவன் மருமகள் மார்ஜெத்தா வாட்டிப் பார்த்தாள், ஆகவில்லை. பிரஷர் குக்கரில் வைத்தாள், நார் நாராகச் சணல் மாதிரி வந்ததாம். அவன் ரவைக்கஞ்சி தவிர எதுவும் தொடாமல் கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டான். ஒரு நாள் காலையில் மார்ஜெத்தா பையோடு என் வாசலில் நிற்கிறாள். பெரியம்மா, தான் சுட்ட மானத் தின்னுட்டுத்தான் சாவேன்னு கெழவர் அடம் புடிக்கிறாரு என்றாள். அப்ப திங்கக் குடுக்காத, சாகாம இருப்பாரு என்றேன். அழுதுவிட்டாள். சரி கொண்டா, ஆனா சாப்பாட்ட வீட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டேன், அவரு இங்க வந்து என் மேஜையில உக்காந்து திங்கணும் என்றேன். எனக்கு மனசு இளகிவிட்டது என்று நினைக்காதே. என் கறி மெத்தென்று இருக்கிறது என்று அந்த வாயே சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், லிண்டாவிடம் படித்துக் காட்டு. மான் கொழுப்பு ஒரு துளி கூட இருக்கக் கூடாது, அதில்தான் நாற்றம், அதையும் வெள்ளைச் சவ்வையும் கூர்கத்தியால் உரித்துவிட வேண்டும். இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு. வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை, மிளகு, நசுக்கிய ஜூனிப்பர் காய் எல்லாம் போட்டுக் சிவப்பு ஒயினைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, அதில் மூன்று நாள் ஊறப்போடு, சூட்டோடு ஊற்றினால் கெட்டது போ. பிறகு துடைத்து ஈரம் போக்கி, பன்றிக் கொழுப்பில் நான்கு நான்கு துண்டாகச் சிவக்க வை, அவசரப்பட்டுச் சட்டியை நிரப்பாதே, கறி தண்ணீர் விட்டுவிடும். கறி எடைக்குப் பாதி எடை வெங்காயம், அது தேன் நிறமாக வதங்கியதும் கறியும் ஊறிய ஒயினும் சேர்த்து மூடி போட்டு அடுப்பு ஓரத்துக்குத் தள்ளு. கொதிக்கவே கூடாது, கிழவன் தூக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி எப்போதாவது ஒரு குமிழி வந்தால் போதும். இளமானுக்கு இரண்டு மணி நேரம், இந்தத் தடியனுக்கு ஆறு. நடுவில் திறந்து திறந்து குத்திப் பார்க்காதே, உன் அப்பா அப்படிச் செய்து என்னிடம் கரண்டியடி வாங்கியிருக்கிறார். கடைசியில் குழம்பைச் சல்லடையில் தேய்த்து, புளிப்புச் சிவப்புப் பழ ஜாம் ஒரு கரண்டி. தொட்டுக்கொள்ள ரொட்டி உருண்டை.

ஞாயிற்றுக்கிழமை மார்ஜெத்தா அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பூசைக்குப் போனாள். வணக்கம் கூடச் சொல்லாமல் உட்கார்ந்தான். பல் செட்டைக் கழற்றி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், அருமையான மரியாதை. முள்கரண்டியை வைத்ததும் கறி பிட்டுக்கொண்டு வந்தது. ஈறாலேயே தின்றான். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டு, அன்னைக்கே இப்படி வெச்சிருந்தா அந்தப் பன்னெண்டு வயசுக்காரனும் வெண்ணெயா இருந்திருப்பான் பாவ்லா என்றான்.

எந்தப் பன்னெண்டு வயசுக்காரன் என்று கேட்டேன். அவன் கை பல் செட்டைத் தேடியது. நான் முந்திக்கொண்டு அதை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டேன். பேச்சு வந்தாத்தான் பல்லு வரும் என்றேன்.

எல்லாம் வந்தது. மலைமேல் வேலி போட்ட காடு அப்போது தலைநகரத்துப் பெரிய ஆட்களுக்கு மட்டும் ஒதுக்கியது, உனக்கு நினைவிருக்கும். அதில் ஒரு பெரிய கலைமானை ஒரு ஜெனரலுக்காகக் குறித்து வைத்திருந்தார்கள், அதைக் காவல் காப்பதே லூத்விக்கின் வேலை. அது வேலியைத் தாண்டி வந்தது, மூடுபனியில் இளமான் என்று நினைத்து அதையே இவன் சுட்டுவிட்டான். தெரிந்தால் வேலை போகும், ஜெயில் நிச்சயம். மறைக்க ஒரே வழி, ஊரே தின்று தீர்ப்பது. பழைய இளமான் தாடையை அதன் தாடை என்று கட்டி வைத்துவிட்டு, கறியை என் தலையில் கட்டினான். கொம்பை என்னடா செய்தாய் என்று கேட்டேன். அறுத்துப் பொத்தான் செய்தானாம். அந்தக் கிறிஸ்துமஸுக்குச் சங்கத்தில் எல்லாருக்கும் கோட்டுப் பொத்தான் பரிசளித்தானே, அதுதான். உன் அப்பாவை அந்தக் கோட்டோடுதான் புதைத்தோம். நான் நிரபராதி என்பதற்கான சாட்சியை ஆறு பொத்தானாக மாட்டிக்கொண்டு அந்த மனிதர் மண்ணுக்குள் படுத்திருக்கிறார்.

சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு என்றேன். அழுதான். கைத்துண்டு கொடுத்தேன், இரக்கத்தால் இல்லை, குழம்பு மேஜைத்துணியில் சொட்டக் கூடாது என்று. அந்த நாடே இப்ப மேப்புல இல்ல, ஜெனரல் செத்து முப்பது வருசம் ஆச்சு, இன்னும் எதுக்குடா பயம் என்று கேட்டேன். நான் மத்தவங்களுக்குக் குத்துன சிவப்புப் புள்ளி இருக்கே என்றான். அது உண்மை. யாராவது தப்பு மானைச் சுட்டால் அதன் கொம்பில் சிவப்புப் புள்ளி குத்தி, சுட்டவனை ஒரு வருடம் வேட்டையிலிருந்து தள்ளி வைப்பது தலைவன் வேலை, முப்பது வருடம் இவன் குத்தினான், எண்பதாம் வருடம் உன் அப்பாவுக்கும் குத்தினான். கடைசியில், நான் செத்ததும் ஊரக் கூட்டிச் சொல்லிக்க, அதுவரைக்கும் ஊருக்குள்ள மூச்சு விடாத என்று கெஞ்சினான். மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். எண்பத்து மூன்று வயது, கஞ்சி குடிக்கிற ஆள், எத்தனை நாள் தாங்குவான் என்று கணக்குப் போட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். மிச்சக் கறிக்காக ஒவ்வொரு ஞாயிறும் வருகிறான், ஏழு வாரமாக. ஐந்து கிலோ ஏறிவிட்டது. கன்னம் சிவந்திருக்கிறது, கைத்தடியை என் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போகிறான். இன்னும் பத்து வருசம் கவலை இல்லை என்று டாக்டர் சொன்னாராம், அதை என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொல்கிறான். எனக்கு எழுபத்தொன்பது, முழங்கால் போயிற்று. யார் முந்துவார்கள், நீயே சொல். அதை விடு, இந்த ஹூபெர்ட் விருந்தில் அவனுக்குப் பித்தளைப் பட்டயம் கொடுத்தார்கள், எவனோ ஒரு சின்னவன் என்னைப் பார்த்து, செருப்புத்தோல் பாட்டி சமைக்கலயே, தப்பிச்சோம் என்றான், லூத்விக் சிரித்தான் தாமியன். எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், என் கறியால் வளர்ந்த தொப்பை குலுங்கச் சிரித்தான்.

ஊருக்குள் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். மெல்போர்ன் ஊருக்குள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இதற்கு மேல் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறான், பல் செட்டு மேஜைமேல் இருக்கிறது, சட்டி அடுப்பிலிருந்து இறக்கி மூடியபடி இருக்கிறது. கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். இது மோசடி என்றான். கறி ஆறுது என்றேன். போன வாரத்தைவிட வாசனை தூக்கலா இருக்கே என்றான். ஒரு கரண்டி மட்டும் ருசி காட்டிவிட்டுப் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினேன், அவன் எழுத வேண்டிய இடம் என் பெயருக்குக் கீழே.

இந்தக் கடிதத்தைக் கரண்டு பில்லோடு போட்டுத் தொலைக்காதே, தகரப் பெட்டியில் பத்திரமாக வை. நான் முந்திப் போனால், டிக்கெட் எடுத்து வா, ஹூபெர்ட் திருநாளன்று சங்கத்துப் பெஞ்சு மேல் ஏறி நின்று, கடைசி மேஜைக்கும் கேட்கிற மாதிரி படி. தாடை வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படி. பிள்ளைகளுக்கு முத்தம், லிண்டாவுக்கு என் ஆசீர்வாதம், நாயைத் திட்டாதீர்கள், அதற்கு நாக்கு இருக்கிறது. கடவுள் உங்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்ளட்டும், பார்த்துக்கொள்கிறாரா என்று நான் இங்கிருந்து கவனித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
பாவ்லா

மேலே எழுதியது எல்லாம் உண்மை. பன்னிரண்டு வயது அல்ல, பதினான்கு. இன்றைக்கு உப்பு கொஞ்சம் குறைவு.
லூத்விக்